மலையில்லாத இடத்தில் மலை எல்லையா?

கேரளத்தின் கிழக்கு ஓரத்தில், பெருமாட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் அந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்லர் என்று வாதிடும் நீண்ட கட்டுரை ஒன்றைப் படித்தேன். எழுதியவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் ஒருவருடைய கருத்தாக மட்டும் இது இருந்திருந்தால் பதில் எழுதும் தேவையே வந்திருக்காது. கடைத்தெருவில், பேருந்தில், தேர்தல் மேடையில், ஆசிரியர் அறையில் எங்கள் பக்கத்து மக்கள் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். இப்போது படித்தவர் ஒருவர் அந்தப் பேச்சுக்குப் புவியியலும் வரலாறும் துணை என்று சொல்லி அச்சில் ஏற்றியிருக்கிறார். அச்சில் ஏறிய பொய்க்கு அச்சிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் வாதம் நான்கு படிகளாக நிற்கிறது. முதலாவது, கண்டங்களைக் கடலும் மலையும் பிரிப்பதுபோல மக்களையும் இயற்கையே பிரித்திருக்கிறது; மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே மலையாளி, கிழக்கே தமிழர். இரண்டாவது, மலைக்கு மேற்கே இருக்கும் தமிழர் பிழைக்க வந்தவர்கள், விருந்தாளிகள். மூன்றாவது, 1956இல் மாநில எல்லை முடிவாகிவிட்டது. இனியும் தமிழ்ப் பள்ளி, தமிழ்ப் படிவம் என்று கேட்பது பிரிவினை. நான்காவது, அவர்களைப் ‘பாண்டி’ என்று அழைப்பது புவியியல் பெயர்தான்; அதில் இழிவு எதுவும் இல்லை.

நான்கு படிகளில் ஒன்றுகூட நிற்காது.

கண்டங்கள் இயற்கை தந்தவை என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். அடித்தளமே தவறு. ஐரோப்பா, ஆசியா என்பவை கிரேக்கர்கள் தங்கள் கடலின் இரு கரைகளுக்கு வைத்த பெயர்கள். ஒன்றாகவே கிடக்கும் நிலத்துக்கு ஏன் மூன்று பெயர்கள், அதுவும் பெண்களின் பெயர்கள் என்பது தனக்கு விளங்கவில்லை என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் எழுதிவிட்டார். இரண்டுக்கும் நடுவே பழைய கிரேக்கர் பலர் காட்டிய எல்லை இன்றைய ருஷ்யாவின் டான் ஆறு. அந்த எல்லையை யூரல் மலைக்கு நகர்த்தியது எந்த நிலநடுக்கமும் அல்ல. பொல்தாவா போரில் ருஷ்யரிடம் சிறைப்பட்ட ஸ்ட்ராலன்பெர்க் என்ற சுவீடன் படை அதிகாரி 1730இல் வெளியிட்ட நூலில் யூரலை எல்லையாகக் காட்டினார். அந்த யோசனை தன்னுடையது என்று ருஷ்ய அறிஞர் தத்திஷேவ் உரிமை கொண்டாடினார். ருஷ்யா ஐரோப்பிய வல்லரசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பிய காலம் அது. கோடு நகர்ந்தபோது மலை நகரவில்லை, மக்களும் நகரவில்லை. தெற்கு யூரலின் இரு பக்கமும் வாழ்ந்த பாஷ்கிர் மக்கள் இன்றும் இரு பக்கமும் வாழ்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்து அவர்கள் இரண்டு இனமாகப் பிரிந்துவிடவில்லை.

எண்ணிக்கையிலாவது உலகம் ஒத்துப்போகிறதா? நம் பள்ளிகளில் கண்டங்கள் ஏழு. லத்தீன் அமெரிக்க நாடுகளில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரே கண்டம். ருஷ்யப் பள்ளிகளில் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யூரேசியா. 1913இல் கூபர்த்தென் வரைந்த ஒலிம்பிக் சின்னத்தில் வளையங்கள் ஐந்து. நம் பழைய நூல்கள் சொன்ன நாவலந்தீவு இந்தக் கணக்குகள் எதிலும் அடங்காது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் சொல்கிறது. மேற்கே எந்த மலையையும் வேலியாகச் சொல்லவில்லை. அந்த நூல் நிலத்தைப் பகுத்தது மலை, காடு, வயல், கடற்கரை என்று, அங்கங்கே மனிதர் வாழும் வாழ்க்கையை வைத்து. ஒவ்வொரு பண்பாடும் தான் நின்ற இடத்திலிருந்து, தன் தேவைக்கு ஏற்ப உலகைப் பிரித்தது. இதை அறியாமல் கண்டங்களை இயற்கைச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தை மனிதர்மேல் போடுகிறார் கட்டுரையாளர்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அவர் எல்லையாகக் காட்டும் மலை பெருமாட்டியில் இல்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர் உயரமே உள்ள சமவெளி அது. சென்னையிலிருந்து பேப்பூர்வரை 1862இல் ரயில் பாதை மேற்குக் கடற்கரையை எட்டியது இந்தத் திறப்பின் வழியாகத்தான். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பெருமாட்டிக்கு வருபவர் எந்த மலையையும் ஏறி இறங்குவதில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டுகிறார், அவ்வளவுதான். இரு பக்கமும் அதே தென்னந்தோப்பு, அதே பனை, அதே கடலைக்காடு. கேரளத்தில் கரிசல் மண் காணப்படும் பகுதி, பெருமாட்டி அடங்கிய இந்தச் சித்தூர் தாலுகா. மழையும் கேரளத்தின் மற்ற பகுதிகளைப்போல இங்கே பெய்வதில்லை. இயற்கைதான் நீதிபதி என்றால் இந்த ஊர்களைப் பற்றி அது தரும் தீர்ப்பு கட்டுரையாளருக்கு எதிரானது.

ஆற்றையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிச் சமவெளியைக் கடந்து கேரளத்துக்குள் வந்து சித்தூர்ப் புழையாகிறது. பிறகு பாரதப்புழையில் சேருகிறது. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மூலத்தரை மதகு வழியாக அது சித்தூர் வயல்களுக்குப் போகிறது. அந்தத் தண்ணீருக்காக ஒவ்வொரு கோடையிலும் குரல் எழுப்பும் உழவர்களில் மலையாளம் பேசுபவரும் உண்டு, தமிழ் பேசுபவரும் உண்டு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாக மரபு சொல்லும் குருமடம் சித்தூர் தெக்கேகிராமத்தில், இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. அங்கே அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். தமிழ்நாட்டு மலையில் பிறந்த நீர் மலையாளக் கவிதையின் திருத்தலத்தை நனைத்துக்கொண்டு போகிறது. மலைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் என்று மக்களைப் பிரிக்கும் வாதத்துக்கு இந்த நிலத்தில் ஒரு சான்றும் கிடையாது.

இரண்டாவது படி, பிழைக்க வந்தவர்கள் என்ற பழி. யார் வந்தார், எப்போது வந்தார் என்று பார்ப்போம்.

பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கும் சித்தூர் தாலுகாவின் மலையடிவார ஊர்களிலும் இரவாளர், மலசர் என்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். கொச்சி அரசுக்காக அங்குள்ள சாதிகளையும் பழங்குடிகளையும் ஆய்ந்து 1909இல் முதல் தொகுதியை வெளியிட்டவர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். அவரும் பாலக்காட்டுக்காரர். இரவாளர் சித்தூர் தாலுகாக் காடுகளில் வாழ்பவர்கள் என்றும் அவர்கள் பேசுவது தமிழ் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். தோட்டக் கூலிக்காகவோ கடை வைக்கவோ இவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. காட்டிலிருந்து இறக்கப்பட்டு, மற்றவர் நிலத்தில் கூலியாக்கப்பட்டவர்கள். பிளாச்சிமடையில் 2000இல் கொக்கோ கோலா ஆலை வந்து, கிணறுகள் வற்றி, தண்ணீர் கெட்டபோது 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக நின்றவர் மயிலம்மா, இரவாளர் பெண். பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, வழக்கு கேரள உயர் நீதிமன்றம்வரை போனது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அதை அளவின்றி உறிஞ்ச ஒரு நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்காமல் போனாலும், 2004 மார்ச்சில் மூடிய ஆலை பிறகு திறக்கவில்லை. கேரளம் மயிலம்மாவைத் தன் பெருமையாகக் கொண்டாடியது, சரியாகவே கொண்டாடியது. கட்டுரையாளரின் கணக்குப்படி அந்த மயிலம்மா யார்? மலைக்கு மேற்கே பிறந்து, தமிழாக ஒலிக்கும் மொழி பேசி, கேரளத்தின் தண்ணீரைக் காப்பாற்றியவர். விருந்தாளி என்று அவரை இவரால் சொல்ல முடியுமா? அவரைச் சொல்ல முடியாதென்றால் அவர் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்ல என்ன உரிமை?

இடுக்கிக்குப் போவோம். மன்னான், முதுவான் பழங்குடிகள் தங்கள் மூதாதையர் மதுரையிலிருந்து வந்ததாகக் கதை சொல்பவர்கள். மூணாறு மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்ட பூஞ்ஞாறு அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்வது. அதன்பின் காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த கைகள். அவர்கள் வந்த காலத்தில் கேரளம் என்ற மாநிலமே இல்லை. 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையாளக் குடும்பங்கள் உயர்மலைப் பகுதிக்கு வந்து நிலம் பெற்றன. வறுமையிலிருந்து மீள வந்த உழைப்பாளிகள் அவர்கள். அவர்களை வந்தேறிகள் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களுக்கு முன்பே வந்து அதே மலையில் நான்கைந்து தலைமுறையைப் புதைத்தவர்களையும் அப்படிச் சொல்லக் கூடாது. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்து போனசுக்காகப் போராடிய ‘பெம்பிளை ஒருமை’ பெண்களில் பெரும்பாலோர் தமிழர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி மண்சரிவில் பலியான 70 பேரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த மலைக்கு வாழ்வையும் சாவையும் கொடுத்தவர்களை விருந்தாளி என்று எழுத ஒருவருக்குக் கை வருகிறது என்றால் அது அறிவுக் குறை மட்டுமல்ல, இரக்கக் குறை.

சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன் படைத் திருவிழாவைக் கட்டுரையாளர் பெரிய சான்றாக எடுத்து வைக்கிறார். கொங்கு அரசனின் படையெடுப்பை முறியடித்த நினைவு அது. ஆகவே இரு மக்களும் ஆதிமுதல் பகைவர்கள் என்கிறார். அரசர்கள் போரிட்டார்கள். சோழனும் பாண்டியனும் போரிட்டார்கள், கோழிக்கோட்டுச் சாமூதிரியும் கொச்சி அரசரும் போரிட்டார்கள். சாமூதிரியின் படையெடுப்பை நினைத்து இன்றைக்குக் கோழிக்கோட்டுக்காரரைக் கொச்சியில் யாரும் அந்நியர் என்பதில்லை. கொங்குப் படையை நினைத்து மட்டும் பெருமாட்டிக் கவுண்டர் குடியானவரை அந்நியராக்குவது எந்த நேர்மையில் சேரும்?

மூன்றாவது படி, 1956. இதில் கட்டுரையாளர் தம் வாசகர்களிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைத்திருக்கிறார். 1956 நவம்பர் 1க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தாலுகா அதிலிருந்து தனியே, கொச்சி அரசின் பகுதியாக இருந்தது. கொச்சியின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல் மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குப் போனது, 1956இல் கேரளத்துக்கு வந்தது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் கோடு இத்தனை முறை மாறியது. வயலில் நின்ற உழவர் நின்ற இடத்திலேயே நின்றார். தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின; மூணாறு இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இந்த முடிவை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. எல்லை முடிந்த விஷயம்தான்.

ஆனால் எல்லையோடு சேர்ந்து முடிந்த இன்னொரு விஷயம் உண்டு. மொழிவழி மாநிலங்களைத் திட்டமிட்டவர்கள், எங்கே கோடு போட்டாலும் கோட்டின் தவறான பக்கத்தில் சிலர் நிற்பார்கள் என்று அறிந்திருந்தார்கள். ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோரின் மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையிலேயே மொழிச் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. பணிக்கர் மலையாளி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோட்டைப் போட்ட அதே 1956இல், அதே ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம் 350ஏ, 350பி என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. முதலாவது, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. இரண்டாவது, அவர்கள் குறைகளைக் கவனிக்கத் தனி அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அதைச் செய்தது கேரளச் சட்டமன்றம். ஆக, தமிழ்ப் பள்ளி கேட்பவர் 1956 உடன்பாட்டைக் காப்பாற்றுகிறார். அதைப் பிரிவினை என்பவர்தான் உடன்பாட்டை மீறுகிறார். கோட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு கோட்டோடு வந்த கடமையைக் கிழித்தெறிபவர் சட்டத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

நான்காவது படிதான் எல்லாவற்றிலும் கொடியது. ‘பாண்டி’ என்பது புவியியல் பெயர், கோபிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். பள்ளி மைதானத்தில் அந்தச் சொல்லால் அடிபட்ட பிள்ளையிடம் கேட்டால் பதில் கிடைக்கும். அழுக்கு, படிப்பில்லாமை, முரட்டுத்தனம் என்று மலையாளத் திரைப்படங்கள் பல ஆண்டுகளாக அந்தச் சொல்லோடு ஒட்டவைத்த இழிவு அவர் காதில் விழவில்லையா? பந்தளமும் பூஞ்ஞாறும் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்வதைப் பெருமையாக எழுதும் கேரளம், அதே பெயரைக் கூலிக்காரர் மீது எறியும்போது மட்டும் வசையாக்குகிறது. அரண்மனைக்குப் பெருமை, குடிசைக்கு இழிவு. இதில் புவியியல் எங்கே இருக்கிறது?

வெளியார் வைக்கும் பெயர் எப்படிப்பட்டது என்பதற்கு உலகில் சான்று குறைவில்லை. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் தமிழரை ‘மலபாரிகள்’ என்று எழுதினார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரின் தேசவழமையை 1707இல் டச்சுக்காரர் தொகுத்தபோது அதை மலபாரிகளின் வழக்கம் என்றே குறித்தார்கள். ரீயூனியன் தீவில் தமிழ் வழி வந்தவர்கள் இன்றும் ‘மல்பார்’. கேரளக் கடற்கரையின் பெயர் தமிழருக்குச் சூட்டப்பட்டது. சேர்வராயன், கொல்லி, ஜவ்வாது மலைகளில் தமிழ் பேசி வாழும் பழங்குடிகளுக்கு அரசுப் பட்டியலில் பெயர் ‘மலையாளி’. பம்பாயில் 1960களில் தென்னிந்தியர் எதிர்ப்பு மூண்டபோது அங்கிருந்த மலையாளியும் தமிழரும் ஒரே வசையைத்தான் வாங்கினார்கள், ‘மதராசி’. அந்த வசை வலித்தது என்று சொல்லும் ஒவ்வொரு மலையாளிக்கும் ‘பாண்டி’ எப்படி வலிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கை மலையகம் இதன் கடைசி எல்லையைக் காட்டிவிட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழரை ‘இந்தியர்’ என்று ஒதுக்கி நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். கப்பலேறி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை இங்கே ‘சிலோன்காரர்’ என்று கூப்பிட்டார்கள். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். எங்கே நின்றாலும் வேறிடத்துக்காரர் என்று சொல்வதற்கே அவர்களுக்குப் பெயர் வைக்கப்பட்டது. பெருமாட்டித் தமிழருக்கும் மூணாற்றுத் தமிழருக்கும் கட்டுரையாளர் பரிந்துரைப்பது இதே பாதையைத்தான். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று 2011 டிசம்பரிலும் பார்த்தோம். முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது இடுக்கியின் ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் தேனிப் பக்கம் ஓடிவந்தார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைப் பற்றிய சச்சரவில் அடிபட்டவர்கள் அணைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். ‘பாண்டி’, ‘மலையாளத்தான்’ என்ற இரண்டு சொற்கள் முன்பே தயாராக இருந்ததால்தான் கல்லெறியும் கை தயங்கவில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்து மேடைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சேர நாடு தமிழ் நிலம், எனவே பெருமாட்டியும் தேவிகுளமும் எங்கள் சொத்து என்று முழங்குபவர்கள் கட்டுரையாளரின் வாதத்தையே தலைகீழாக்கிப் பேசுகிறார்கள். பழைய நூல் நிலப்பத்திரம் ஆகாது. சித்தூர் தாலுகாவின் வடவன்னூரில் வேர் கொண்ட குடும்பத்தில், இலங்கை நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம்.ஜி.ஆரை மலையாளி என்று இழித்துப் பேசிய தமிழ் மேடைகளை நாம் மறக்கக் கூடாது. அந்தப் பேச்சும் இந்தக் கட்டுரையும் ஒரே நோய். தமிழர் என்ற ஒற்றைக் கொடிக்குக் கீழே சாதியை மறைப்பதும் நடக்கக் கூடாது. பெருமாட்டிக்குப் பக்கத்து முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில் சக்கிலியர் குடும்பங்கள் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து 2017இல் குரல் கொடுத்தபோது, அவர்களை ஒதுக்கியவர்களிலும் தமிழ் பேசுபவர்கள் இருந்தார்கள். உரிமை பேசும் தமிழர் அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரவாளர் பேச்சைக் கொச்சைத் தமிழ் என்று ஒரே வரியில் கட்டுரையாளர் தள்ளிவிடுகிறார். அவர்கள் கேரளத்தின் பழங்குடிப் பட்டியலிலும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலிலும் ‘இரவல்லன்’ என்று இருக்கிறார்கள். இரண்டு மாநிலங்களும் தங்கள் குடி என்று ஒப்புக்கொண்ட மக்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் தாய்மொழியைத் தனியாக வெளியிடுவதில்லை; ‘பிற’ என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறது. சில ஆயிரம் பேர் கொண்ட அந்தக் குடியின் மொழி எந்தப் பெயரோடும் அச்சில் வராது. தமிழா மலையாளமா என்று மற்றவர்கள் சண்டை போடும்போது, அவர்கள் தங்கள் மொழிக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டவர் யார்? கட்டுரையாளர் கேட்கவில்லை. தமிழ்ப் பெருமை பேசுபவரும் கேட்கவில்லை.

இந்த மண்ணின் உண்மையான இயல்பை எழுத்தாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். ஓ. வி. விஜயன் பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தை வைத்து எழுதி 1969இல் நூலாக வந்த ‘கசாக்கின் இதிகாசம்’ மலையாள நாவலின் போக்கையே மாற்றியது. அதன் மனிதர்கள் பேசும் மலையாளத்தில் பாலக்காட்டுத் தமிழ் கலந்தே ஒலிக்கிறது. தமிழைக் கழித்துவிட்டால் அந்த நாவல் நிற்காது. கேரளம் தன் உச்சமான படைப்பு என்று கொண்டாடும் நூலுக்குள் இருக்கும் மொழியை, அந்த மொழி பேசும் மனிதரின் வாயிலிருந்து மட்டும் பிடுங்க நினைப்பது என்ன நியாயம்?

எல்லை அரசின் வேலை. வரி வாங்க, தண்ணீர் பங்கிட, தேர்தல் நடத்தக் கோடு தேவை. அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் பெருமாட்டித் தமிழர் எழுபது ஆண்டுகளாக ஓட்டுப் போட்டு, வரி கட்டி, பஞ்சாயத்தில் உட்கார்ந்து, ஒரு பன்னாட்டு நிறுவனத்தை எதிர்த்து அந்தப் பஞ்சாயத்தையே நிமிர்ந்து நிற்க வைத்தார்கள். பெயர் அரசின் வேலையல்ல, அண்டைவீட்டாரின் வேலையும் அல்ல. ஒரு மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்களோ அதுவே அவர்கள் பெயர். பெருமாட்டியில் பலர் தங்களைக் கேரளத் தமிழர் என்கிறார்கள். சிலர் பாலக்காட்டுக்காரர் என்கிறார்கள். இரவாளர் தங்களை இரவாளர் என்கிறார்கள். இதில் திருத்தம் போட மூன்றாமவருக்கு இடமில்லை.

ஆகவே கட்டுரையாளரிடம் விருந்தோம்பல் கேட்டு நிற்கவில்லை. சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறோம். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழ் தெரிந்த ஆசிரியர் இருக்க வேண்டும். கிராம அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த மனுவுக்குத் தமிழில் பதில் வர வேண்டும். இரவாளர் பிள்ளை சாதிச் சான்றிதழுக்காக அலையக் கூடாது. அவர்கள் மொழி கணக்கெடுப்பில் தன் பெயரோடு அச்சாக வேண்டும். ‘பாண்டி’ என்று ஒரு பிள்ளையை அழைக்கும் ஆசிரியர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் ஓர் அங்குல நிலத்தைக்கூடக் கேரளத்திடமிருந்து எடுத்துக்கொள்ளாது. இவற்றை மறுக்கக் கட்டுரையாளர் இல்லாத மலையை எழுப்பவும், பாதிச் சட்டத்தை மறைக்கவும், வசையைப் புவியியலாக்கவும் வேண்டியிருந்தது. நேர்மையான காரணம் ஒன்றாவது கையில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்.